கணிப்பொறியும் உடைமையும்

(கேரளத்தின் முதலமடையில் தொழில் நிர்வாகிகள் முன்னிலையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தேசத்தின் மற்ற மாந்தோப்புகள் பூவும் பிஞ்சுமாக நிற்கிற காலத்திலேயே வடநாட்டுச் சந்தைக்கு லாரி ஏற்றிவிடுகிற முதலமடையில் வந்து நின்று, காலத்தை முந்துவது எப்படி என்று உங்களுக்கு உபதேசம் செய்யும் துணிவு எனக்கில்லை. ஆயினும், உங்கள் மண்டியிலும் ஆலையிலும் ஆபீசிலும் மேஜைமேல் வீற்றிருக்கிற கணிப்பொறியின் விஷயத்தில் மட்டும், இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பதினைந்து வருஷத்திற்கும் மேலாக நீங்கள் பின்தங்கியிருக்கிறீர்கள் என்று சொன்னால், அது விருந்தினன் வரம்பு மீறிப் பேசியதாக ஆகாது என்று நம்புகிறேன். அந்த வார்த்தைக்குரிய ஆதாரத்தைப் பின்னால் காட்டுகிறேன். அதற்கு முன் விஷயத்தின் மூலத்தைச் சற்றே பார்ப்போம்.

பொத்தானை அழுத்தியதும் கணிப்பொறியை உயிர்ப்பித்து, அதன் நினைவகத்தையும் அச்சுப்பொறியையும் கோப்புகளையும் ஆண்டு நடத்துகிற அடிப்படை மென்பொருளையே இயங்குதளம் என்கிறோம். நம்மில் பெரும்பாலோர் அறிந்த இயங்குதளம் விண்டோஸ் ஒன்றுதான். 1983ஆம் ஆண்டு ரிச்சர்டு ஸ்டால்மன் என்ற அமெரிக்கர், எவரும் எடுத்து வழங்கவும், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கவும், தம் தேவைக்கு மாற்றவும், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கவும் உரிமையுள்ள ஓர் இயங்குதளத்தை ஆக்குவதென்று அறிவித்து, க்னூ என்ற திட்டத்தைத் தொடங்கினார். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் ஹெல்சிங்கி நகரத்து மாணவர் எழுதிய லினக்ஸ் என்ற உட்கரு அதனோடு சேர்ந்தது. இன்று டெபியன், உபுண்டு, ரெட் ஹேட் என்று பல நாமங்களோடு உலவுவன எல்லாம் அந்தக் குடும்பத்தின் கிளைகளே. சரித்திரம் இவ்வளவு போதும். வியாபாரிக்கு வேண்டியது வேறு.

இந்தப் பிரதேசத்தில் தோப்புக்குச் சொந்தக்காரர் ஒருவர், குத்தகைக்காரர் வேறொருவர். பூக்கும் காலத்திலே பணத்தைக் கட்டி மரங்களைக் குத்தகைக்கு எடுக்கிறவர் மருந்து அடிக்கிறார், காவல் வைக்கிறார், காய் பறிக்கிறார். ஆனால் ஒரு மரத்தை வெட்டவோ, வேறொரு மரத்தை நடவோ, அடுத்த பருவமும் தோப்பு எனக்கே என்று சொல்லவோ அவருக்கு அதிகாரமில்லை என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? விலைகொடுத்து வாங்கிய இயங்குதளத்தை உங்கள் சொத்தென்று எண்ணிக் கொண்டிருக்கிறீர்கள். ஆனால், ஒருவரும் வாசிக்காமல் ‘சம்மதம்’ என்று அழுத்திவிடுகிற அந்த நீண்ட ஒப்பந்தத்திலோ, இந்த மென்பொருள் உங்களுக்கு விற்கப்படவில்லை, உபயோகிக்கும் அனுமதி மாத்திரமே அளிக்கப்படுகிறது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. குத்தகை என்று தெரிந்து குத்தகை எடுப்பதில் குற்றமொன்றுமில்லை. சொந்தத் தோப்பு என்று நினைத்துக்கொண்டு குத்தகைப் பணம் கட்டுகிறவனைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

அந்தக் குத்தகை முடியும் தேதியையும் நீங்கள் நிர்ணயிப்பதில்லை. 2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பி என்ற பதிப்புக்கும், 2020 ஜனவரி 14 அன்று விண்டோஸ் 7க்கும், 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவதை மைக்ரோசாஃப்ட் கம்பெனி நிறுத்திக்கொண்டது. அதற்குப் பிறகும் திருத்தம் வேண்டுகிற தொழில் ஸ்தாபனங்கள் கணிப்பொறி ஒன்றுக்கு முதல் வருஷம் 61 டாலர் கட்ட வேண்டும். இரண்டாம் வருஷம் அது இரட்டிக்கும், மூன்றாம் வருஷம் மறுபடியும் இரட்டிக்கும், அதோடு சரி. விண்டோஸ் 11க்கு மாறிவிடலாமே என்றால், டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லின் இரண்டாம் பதிப்பும், ஏறக்குறைய 2018க்குப் பிறகு வந்த செயலியும் இருந்தாலன்றி அது ஏறாது. ஆகவே, பழுதொன்றுமின்றி நேற்றுவரை பில் அடித்துக் கொண்டிருந்த யந்திரம் ஒரு தேதி கடந்த மாத்திரத்தில் கழித்துக்கட்ட வேண்டிய பொருளாகி விடுகிறது. அதே யந்திரத்தில் உபுண்டுவையோ டெபியனையோ ஏற்றினால், நினைவகம் மிகக் குறைவாக இருந்தாலொழிய, அது இன்னும் பல வருஷங்கள் உழைக்கும். உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பொன்றுக்கு ஐந்து வருஷம் திருத்தங்கள் இலவசமாகவே வருகின்றன. அது முடிந்ததும் அடுத்த பதிப்புக்குப் போவதற்கும் எவரிடமும் பணங்கட்ட வேண்டியதில்லை.

பணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் விஷயத்தின் சாரத்தைத் தவறவிட்டவனாவேன். 2025 ஜூலையிலே நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். குஜராத்தில் வாடினார் என்ற இடத்தில் ஆண்டுக்கு இரண்டு கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலையும், தேசமெங்கும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பெட்ரோல் பங்குகளும் உடைய நயாரா எனர்ஜி என்ற ஸ்தாபனத்தில் ரஷ்யாவின் ராஸ்நெஃப்ட் கம்பெனிக்குச் சற்றேறக்குறையப் பாதிப் பங்கு உண்டு. அந்தக் காரணத்தினால் ஐரோப்பிய ஒன்றியம் அதன்மீது தடை விதித்தது. நம் தேசத்தின் சட்டமோ ஐக்கிய நாடுகள் சபையோ அப்படியொரு தடையை விதிக்கவில்லை. இருந்தும் சில தினங்களுக்குள், கட்டணம் முழுவதும் செலுத்தியிருந்த நிலையிலேயே, அதன் ஊழியர்களின் மின்னஞ்சலும் டீம்ஸ் என்ற உரையாடல் வசதியும் மைக்ரோசாஃப்டினால் நிறுத்தப்பட்டன. நயாரா தில்லி உயர்நீதிமன்றத்தை அணுகியது, விசாரணை நாளுக்குள் சேவைகள் திரும்பக் கிடைத்தன, வழக்கும் முடிந்தது. நிறுத்தப்பட்டவை அஞ்சல் முதலிய சேவைகளேயன்றி இயங்குதளம் அல்லவே என்று இச்சபையிலுள்ள வக்கீல் நண்பர்கள் திருத்தக்கூடும், திருத்தம் சரியே. ஆனால் நிர்வாகியின் ஸ்தானத்திலிருந்து யோசித்துப் பாருங்கள்: தன் கடிதங்களைத் தானே படிப்பதற்கு, வேறொரு கண்டத்தின் அரசியல் சம்மதம் தேவைப்படுகிறது என்பதை ஓர் ஆலை முதலாளி ஒரு காலை வேளையில் தெரிந்துகொள்கிறார் என்றால், அது கணிப்பொறித் துறையினரிடம் ஒப்படைத்துவிட்டுச் சும்மா இருக்கக்கூடிய விஷயமா? லினக்ஸைப்போல மூலம் திறந்திருக்கிற மென்பொருளை அப்படித் தொலைவிலிருந்து ஒருவர் திரும்பப் பெற முடியாது. ஒருமுறை கைக்கு வந்த பிரதி வந்ததுதான்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. சபை நாகரிகம் கருதி அதை மெதுவாகவே சொல்கிறேன். சிறு ஸ்தாபனங்கள் பலவற்றில் கணிப்பொறி விற்ற கடைக்காரரே ‘எல்லாம் போட்டுத் தந்திருக்கிறேன்’ என்று சொல்லி ஏற்றிக் கொடுத்த விண்டோஸும் ஆபீஸும் அனுமதியற்ற பிரதிகளாகவே இருக்கின்றன. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, அத்தகைய பிரதியைத் தெரிந்தே உபயோகிப்பவருக்கு ஏழு நாள் முதல் மூன்று வருஷம் வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடந்தருகிறது. வீட்டில் பொழுதுபோக்குக்கு உபயோகித்தவரிடம் நீதிமன்றம் தயை காட்டலாம். லாபத்துக்கு உபயோகிக்கும் வியாபாரிக்கு அந்தச் சலுகையும் இல்லை. இங்கே பலர் லினக்ஸை ‘ஓசிச் சரக்கு’ என்று ஏளனம் செய்வதைக் கேட்கும்போதெல்லாம், ஓசியில் வந்தது எது, உரிமையோடு வந்தது எது என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்பதில்லை.

அனுமதியற்ற பிரதிக்குத் திருத்தங்கள் ஒழுங்காக வந்துசேர்வதில்லை. திருத்தம் வராத யந்திரம் திருடனுக்குத் திறந்த வீடு. 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்ற நச்சு நிரல் உலகமெங்கும் கணிப்பொறிகளைப் பூட்டிவைத்துப் பணயத்தொகை கேட்டபோது, அது நமக்கு எட்டாத தூரத்து நிகழ்ச்சியாக இருக்கவில்லை. பாலக்காட்டிலே தென்னக ரயில்வேயின் கோட்ட அலுவலகத்துக் கணிப்பொறிகளும் அதற்கு இலக்காயின. அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைப்பதற்கான திருத்தம் இரண்டு மாதம் முன்னரே வெளிவந்திருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். லினக்ஸ் என்றால் நோய் அண்டாது என்று சொல்லுகிறவரை நம்பாதீர்கள். 2024 மார்ச்சில், லினக்ஸில் புழங்கும் எக்ஸ்இசட் என்ற ஒரு சிறு கருவிக்குள் எவரோ நெடுநாள் திட்டமிட்டு ஒரு கள்ளவாசல் வைத்திருந்ததும் உண்மை. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற ஒரு பொறியாளர், கணிப்பொறிக்குள் நுழைவது அரை விநாடி தாமதிக்கிறதே என்று ஐயங்கொண்டு, மூலநிரலைத் திறந்து பார்த்து அதைக் கண்டுபிடித்ததும் உண்மை. அவர் மைக்ரோசாஃப்டில் வேலை பார்ப்பவர் என்பது இந்தக் கதையில் உள்ள ரசமான பகுதி.

இனி நான் முதலில் சொன்ன வார்த்தைக்கு வருகிறேன். 2001ஆம் ஆண்டு கேரள அரசாங்கம் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்ற பெயரில் பள்ளிகளுக்குக் கணிப்பொறிக் கல்வியைக் கொண்டுவந்தபோது, இந்த ராஜ்யமும் மற்ற ராஜ்யங்களைப் போலவே விண்டோஸை வைத்துத்தான் ஆரம்பித்தது. ஆனால் ஆசிரியர்களிடையே ஒரு கேள்வி எழுந்தது: பொதுப்பணத்தில் நடக்கும் பாடசாலை, ஒரு கம்பெனியின் சரக்கை உபயோகிக்க மாணவரைப் பழக்கும் இடமாக ஆகலாமா? அதே ஆண்டு ஜூலையில் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்திருந்தார். விவாதத்துக்கு அது வலுவூட்டியது. அடுத்த சில வருஷங்களில் பாடபுத்தகம் மாறிற்று, ஆசிரியர்களுக்கு விடுமுறைக் காலத்தில் பயிற்சி அளிக்கப்பட்டது, கடைசியில் பத்தாம் வகுப்பின் செய்முறைப் பரீட்சையே லினக்ஸில் நடக்கத் தொடங்கிற்று. 2017இல் அந்தத் திட்டம் ‘கைட்’ என்ற அரசுக் கம்பெனியாக உருப்பெற்றது. உபுண்டுவை ஆதாரமாகக் கொண்டு, பாடத்திட்டத்துக்குரிய கருவிகளைச் சேர்த்து, அது தானே ஓர் இயங்குதளத்தைத் தொகுத்து வெளியிடுகிறது. 2019இல் பதிப்பு வெளிவந்தபோது, பள்ளிகளின் இரண்டு லட்சம் கணிப்பொறிகளில் அது ஏறுவதாகவும், உரிமக் கட்டணத்தில் மிச்சமாவது மூவாயிரம் கோடி ரூபாய் என்றும் கைட் கணக்கிட்டது. அந்தத் தொகை, விலைகொடுத்து வாங்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற அனுமானக் கணக்கு; அரசாங்கக் கணக்குகளை நான் சற்று ஐயத்தோடே எடுத்துக்கொள்கிறவன். கருத்தில் கொள்ளவேண்டியது வேறொன்று: இந்த முயற்சிக்குப் பிறகு பல ஆட்சிகள் மாறின, கட்சிகள் மாறின, இயங்குதளம் மாறவில்லை.

சித்தூர் தாலுகாவின் தமிழ்வழிப் பள்ளிகளில் படிக்கிற பிள்ளைக்கும் கணிப்பொறிப் பாடபுத்தகம் தமிழிலேயே அச்சாகி வருகிறது. லிப்ரே ஆபீஸில் கடிதம் எழுதவும், அட்டவணையில் கணக்குப் போடவும், ஜிம்ப்பில் படம் திருத்தவும், பைத்தானில் சிறு நிரல் எழுதவும் அது கற்றுக்கொண்டு வெளியே வருகிறது. பிறகு அந்தப் பிள்ளை உங்கள் மண்டிக்கோ, பொள்ளாச்சிக் கயிற்று ஆலைக்கோ, கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைக்கோ கணக்கெழுத வரும்போது, ‘எங்களுடைய சிஸ்டம் வேறு’ என்று சொல்லி, அது அறிந்ததை மறக்கச் செய்து, வேறொன்றைப் புதிதாகக் கற்கச் செய்கிறீர்கள். பழகிய ஆள் கிடைப்பதில்லை என்பதே லினக்ஸுக்கு எதிராக உலகெங்கும் நிர்வாகிகள் சொல்லும் முதல் ஆட்சேபம். அந்த ஆட்சேபத்துக்கு இடமில்லாத பூமி ஒன்று உண்டென்றால் அது நீங்கள் உட்கார்ந்திருக்கிற இந்தப் பூமிதான். மேனேஜருக்குத்தான் பழக்கமில்லை.

தமிழ்நாட்டின் மேற்கு எல்லையான இங்கிருந்து கிழக்கே பார்த்தால் காரியம் இவ்வளவு சீராக நடக்கவில்லை. 2003இல் புனே நகரத்துக் கல்வி நிறுவனமொன்றில் பேசிய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம், இந்தியா திறமூல மென்பொருளையே தழுவ வேண்டுமென்று வற்புறுத்தினார். 2006க்குப் பின் சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் எல்காட் என்ற தமிழக அரசு ஸ்தாபனம் தன் அலுவலகத்தையே லினக்ஸுக்கு மாற்றிக்காட்டியது. சென்னை சி-டாக் என்ற அரசு ஆராய்ச்சி நிறுவனம் ‘பாஸ்’ என்ற இந்திய லினக்ஸை 2007இல் வெளியிட்டது. எக்ஸ்பிக்கு ஆயுள் முடிந்த 2014இல் தமிழக அரசும் தன் துறைகளுக்கு அதைச் சிபாரிசு செய்தது. இத்தனை இருந்தும் வேர் பிடிக்கவில்லை. அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினியில் விண்டோஸும் பாஸும் அருகருகே இருந்தன. பாடமும் பரீட்சையும் எதையும் கட்டாயமாகக் கேட்கவில்லை. மாணவன் தனக்குத் தெரிந்ததையே திறந்தான். ஒரு புதிய சாதனத்தைக் கையில் கொடுத்துவிடுவது எளிது, அன்றாடக் காரியம் அதன் வழியாகவே நடக்கும்படி ஏற்பாடு செய்வதுதான் நிர்வாகம் என்பது என் அபிப்பிராயம்.

பள்ளிக்கூடத்துக்குச் சரி, பணம் புழங்கும் இடத்துக்கு இது தாங்குமா என்று கேட்பவர்களுக்காக, இலங்கையோடு தொடர்புள்ள ஒரு செய்தி. 2008 செப்டம்பர் 8ஆம் தேதி, வர்த்தகம் மும்முரமாக நடக்க வேண்டிய ஒரு திங்கட்கிழமை, லண்டன் பங்குச் சந்தை ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஸ்தம்பித்து நின்றது. அது அப்போது ஓடிக்கொண்டிருந்தது விண்டோஸ் அடிப்படையில் அமைந்த டிரேட்எலெக்ட் என்ற அமைப்பில். பழி முழுவதையும் இயங்குதளத்தின் தலையில் சுமத்துவது நியாயமன்று. ஆனால் அடுத்த ஆண்டே அந்தச் சந்தை மில்லேனியம் ஐ.டி. என்ற இலங்கைக் கம்பெனியை விலைக்கு வாங்கி, அங்கே உருவான லினக்ஸ் அமைப்புக்கு 2011 பிப்ரவரியில் தன் பிரதான சந்தையை மாற்றிக்கொண்டது. 2017 நவம்பர் முதல் உலகத்தின் முதல் ஐந்நூறு மகாகணினிகள் அனைத்தும் லினக்ஸிலேயே இயங்குகின்றன. உங்கள் சட்டைப் பையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உட்கருவும் லினக்ஸே. இந்த மண்டபத்துக்குள் நுழையுமுன்பே நீங்கள் அதை நம்பிப் பணம் அனுப்பிக் கொண்டுதானிருந்தீர்கள்.

ஆனால் டேலி? இந்தக் கேள்வியைத் தட்டிக் கழித்துவிட்டுப் போகிறவன் வியாபாரிகளிடம் பேச லாயக்கற்றவன். பெங்களூர் டேலி நிறுவனத்தின் கணக்கு மென்பொருள் இந்தியச் சிறு வர்த்தகத்தின் பொதுமொழியாகிவிட்டது. அது விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. வைன் என்ற கருவியைக் கொண்டு லினக்ஸில் ஓட்டுவோர் இருக்கிறார்கள் என்றாலும், வருஷக் கணக்கு முடிக்கிற மார்ச் மாதத்தில் அதை நம்பி இருங்கள் என்று உங்களுக்கு நான் சொல்லமாட்டேன். பத்துக் கணிப்பொறி உள்ள ஆபீசில் டேலிக்கென்று ஒன்றோ இரண்டோ உரிமம் பெற்ற விண்டோஸ் யந்திரங்கள் இருக்கட்டும். எஞ்சியவற்றில் நடப்பது கடிதம், விலைப்பட்டியல், மின்னஞ்சல், ஜி.எஸ்.டி. இணையதளம், பாங்குக் கணக்கு ஆகியவையே. அவற்றில் ஒன்றுக்கும் விண்டோஸ் தேவையில்லை. புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள், மும்பையில் உருவாகி மூலம் திறந்து வழங்கப்படும் ஈஆர்பி நெக்ஸ்டையும் பார்க்கலாம், ஜி.எஸ்.டி.க்கு வேண்டிய வசதிகள் அதில் கிடைக்கின்றன. ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கலுக்குத் தனி வியாபாரியாயின் கைப்பேசிக்கு வரும் ஓடிபி போதும். கம்பெனியாயின் டிஜிட்டல் கையொப்பம் கட்டாயம் என்பதால், அந்தக் கையொப்பச் சாவி லினக்ஸில் வேலை செய்யுமா என்று வாங்கும்போதே விசாரித்துக்கொள்ள வேண்டும். பழைய அச்சுப்பொறிகளும் சில சமயம் முரண்டு பிடிக்கும். தமிழில் பில்லும், பஞ்சாயத்துக்கு மலையாளத்தில் மனுவும், தில்லிக்கு ஆங்கிலத்தில் கடிதமும் எழுத வேண்டிய இந்த எல்லைப் பிரதேசத்தவருக்கு ஓர் ஆறுதல்: ‘ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்’ அன்பர்கள் ஆக்கிய மலையாள எழுத்துருக்களும், தமிழ்99 விசைப்பலகையும் பணங்கொடுக்காமலே கிடைக்கின்றன.

செலவே இல்லை என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். உரிமக் கட்டணம் மிச்சமாகும். அதில் ஒரு பகுதியை, அழைத்தால் அரை நாளில் வந்து நிற்கக்கூடிய ஓர் உள்ளூர் ஆளுக்குச் சம்பளமாகக் கொடுக்கத்தான் வேண்டும். அந்தப் பணம் கொல்லங்கோட்டிலோ சித்தூரிலோ சுழலும் என்பது எனக்கு மகிழ்ச்சி தருவது. உங்களுக்கு அது ஒரு பொருட்டாக இல்லாமலும் போகலாம்.

மாறும் முறையைப் பற்றி இரண்டு தேசத்து அனுபவங்களைச் சொல்கிறேன். பிரெஞ்சு தேசத்தின் ஜாண்டர்மரி என்ற காவற்படை 2005இல் முதலில் எழுத்து வேலைக்குரிய மென்பொருளை மாற்றியது. பின்பு இணைய உலாவியையும் அஞ்சலையும் மாற்றியது. இவையெல்லாம் பழகிய பின், 2008 முதற்கொண்டுதான் அடியிலிருந்த இயங்குதளத்தைக் கழற்றி உபுண்டுவை வைத்தது. மேலே தெரிகிற முகங்கள் ஏற்கெனவே பழகியவையாக இருந்தமையால் அடித்தளம் மாறியது பெரிய உற்பாதமாகப்படவில்லை. இன்று அங்கே பல்லாயிரம் கணிப்பொறிகள் அப்படியே ஓடுகின்றன. ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சியோ 2004 முதல் பத்தாண்டு பாடுபட்டுப் பதினைந்தாயிரம் கணிப்பொறிகள் அளவில் மாற்றி முடித்தது. மேயர் மாறினார், புதியவருக்கு அதில் பற்றில்லை, 2017இல் விண்டோஸுக்கே திரும்புவதென்று தீர்மானமாயிற்று. பொறியாளர் எவ்வளவு சமர்த்தராயிருந்தாலும் தலைமை நாற்காலியில் இருப்பவரின் மேஜையிலும் அதே இயங்குதளம் இல்லாவிட்டால் கீழேயுள்ளவர்கள் ஒவ்வொரு சிறு தொல்லைக்கும் அதையே குறைசொல்வார்கள்.

ஆகையால் முதலமடைக்கு நான் சொல்லும் கிரமம் இது. காய் வரத்து ஓய்ந்து, கணக்குப்பிள்ளைக்கு மூச்சுவிட அவகாசம் கிடைக்கும் ஆனி, ஆடி மாதங்களில், விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு அதன்மேலேயே லிப்ரே ஆபீஸையும் ஃபயர்ஃபாக்ஸையும் ஏற்றி எல்லோரும் பழகட்டும். பழைய எழுத்துருவில் கிடக்கும் தமிழ்க் கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றும் வேலையையும் அப்போதே முடித்துவிடலாம். புரட்டாசியில், திருத்தம் நின்றுபோன பழைய யந்திரம் ஒன்றில் உபுண்டுவை ஏற்றி, அதை மேனேஜரின் மேஜையிலே வையுங்கள். குமாஸ்தாவின் மேஜையில் வேண்டாம். தோப்புகள் பூக்கத் தொடங்கும் ஐப்பசி, கார்த்திகைக்குள் அச்சுப்பொறியும் கையொப்பச் சாவியும் சரிவர வேலை செய்கின்றனவா என்று தெரிந்துவிடும். செய்தால் மற்ற மேஜைகளையும் மாற்றலாம், செய்யாவிட்டால் அடுத்த ஆனிவரை நிறுத்திவைக்கலாம். தை முதல் வைகாசி வரை, லாரி ஏறுகிற காலத்தில், எதையும் தொடாதீர்கள். இடையில் ஏதேனும் விளங்கவில்லையென்றால் வீட்டில் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கிற பிள்ளை எவரேனும் இருந்தால் கூப்பிட்டுக் கேளுங்கள்.